எடுப்பவரே கொடுப்பவர்: டோரண்ட் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவை: இணையத்தில் கோப்புகளைக் கணினிக்குக் கணினி பகிர்ந்துகொள்ளும் டோரண்ட் போன்ற முறைகள். ஆறும் வடசென்னையிலிருந்து வந்தவை. பொருளின் தன்மை கருதி எழுதியவர்களின் பெயர்களை விலக்கிவிட்டு, பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். கடிதங்களில் பலர் ‘காப்புரிமை’ என்று எழுதியிருக்கிறார்கள். அச்சொல் கண்டுபிடிப்புகளுக்கு உரியது. படம், பாட்டு, நூல், மென்பொருள் ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. பதில்களில் பதிப்புரிமை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு என் பெயரில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் டோரண்ட் மூலம் புதுப் படங்களை இறக்கிக்கொள்கிறான். கேட்டால், “நான் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, பார்த்துவிட்டு அழித்துவிடுகிறேன்” என்கிறான். நாளைக்கு ஏதாவது வந்தால் என் பெயருக்குத்தானே வரும்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அவர் விற்கவில்லை. ஆனால் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது சரியன்று. கொடுத்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பரீட்சை நேரத்தில் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நானூறு பக்க நோட்டு ஒன்றுதான் இருக்கிறது, வேண்டியவர்களோ நாற்பது பேர். நோட்டைப் பிரித்து ஆளுக்குப் பத்துப் பக்கமாக எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ளதை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுத்து, அவரிடம் உள்ளதை வாங்கிக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் நாற்பது பேரிடமும் முழு நோட்டு சேர்ந்துவிடும். 2001-ல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டோரண்ட் முறையின் சாரம் இதுதான். 1,400 மெகாபைட் உள்ள ஒரு கோப்பை ஒரு மெகாபைட் துண்டுகளாகப் பிரித்தால் 1,400 துண்டுகள் வரும். முதல் துண்டு முழுதாக வந்து சேர்ந்து, அது சரியான துண்டுதான் என்று சரிபார்க்கப்பட்டவுடனேயே, உங்கள் வீட்டுக் கணினி அதை மற்றவர்களுக்கு வழங்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது, உங்கள் மகன் படத்தின் முதல் காட்சியைப் பார்ப்பதற்கு முன்பே, முகம் தெரியாத பலருக்கு அதன் பகுதிகளைக் கொடுத்திருப்பார். பார்த்துவிட்டு அழிப்பதால், அதற்குள் கொடுத்தது திரும்பி வந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரில் ஒரு காலத்தில் திருட்டு சிடி வாங்கியவர்கள் காசைக் கொடுத்துவிட்டு, சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கலந்து போனார்கள். பெயர் என்ன, வீடு எங்கே என்று கடைக்காரர் கேட்டதில்லை. டோரண்டில் முதல் வேலையே முகவரியைச் சொல்வதுதான். துண்டுகளை அனுப்பவும் பெறவும், இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி தேவை என்பதால், அந்தக் கோப்பைப் பகிரும் கூட்டத்தில் உள்ள எவரும் மற்றவரின் ஐபி முகவரியைப் பார்க்கலாம். இது பிழையோ கசிவோ அல்ல, இந்த முறை வேலை செய்வதே அப்படித்தான்.

உங்களுக்குப் பதில் எழுதுவதற்காகவே போன ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளத்தை டோரண்ட் வழியாக இறக்கிப் பார்த்தேன். அது சட்டப்படி எவரும் பகிரக்கூடிய இலவச மென்பொருள். நிரலின் அடிப்பகுதியில் ‘பியர்ஸ்’ (உடன் பகிர்வோர்) என்ற தாவலைத் தொட்டதும் வரிசையாகப் பெயர்ப்பலகைகள் போல விரிந்தன: ஒவ்வொரு வரியிலும் ஓர் ஐபி முகவரி, பக்கத்தில் நாட்டுக் கொடி, அவர் பயன்படுத்தும் நிரலின் பெயர், அவரிடம் கோப்பில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற கணக்கு, என்னிடமிருந்து அவர் எந்த வேகத்தில் எடுக்கிறார் என்ற அளவு. நான் எந்தச் சாமர்த்தியமும் காட்டவில்லை; ஒரு தாவலைத் தொட்டேன், அவ்வளவுதான். படத் தயாரிப்பாளர் அமர்த்திய ஒரு நிறுவனமும் இதே கூட்டத்தில் ஓர் உறுப்பினராகச் சேர்ந்து, இதே பட்டியலைத் தேதியும் நேரமும் சேர்த்துக் குறித்துக்கொள்ள முடியும். பல நாடுகளில் நடப்பதும் அதுதான்.

இனி சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சொந்தப் பயனுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. உங்கள் மகனின் வாதம், அவர் அறிந்தோ அறியாமலோ, அந்தப் பிரிவைத்தான் பற்றி நிற்கிறது. ஆனால் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அனுப்புவது சொந்தப் பயன் ஆகாது. ஒரு படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தாலே போதும், அதை எவரும் உண்மையில் பார்த்தார்களா என்பது கேள்வியில்லை என்று அச்சட்டமே விளக்கம் தருகிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் 63-ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக லாபத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால் நீதிமன்றம் காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்கலாம். அது தண்டனையைக் குறைக்கும் காரணமே தவிர, குற்றம் இல்லை என்று சொல்லும் காரணம் அன்று. இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் பட நிறுவனங்கள் பெரும்பாலும் இணையதளங்களையும், படத்தை முதலில் ஏற்றுபவர்களையும்தான் துரத்துகின்றன. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரை அல்ல. 2012-ல் ஒரு படத் தயாரிப்பு நிறுவனம், என்.எஸ்.சி. போஸ் சாலையில் உள்ள நம் உயர் நீதிமன்றத்தில், அடையாளம் தெரியாத மீறல்காரர்கள் எல்லோருக்கும் எதிராக ஒரு தடையாணை வாங்கியது. பெயர் தெரியாத எதிர்வாதிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அசோக் குமார்’. அந்தப் பெயருடைய நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் ஆணைக்குப் பயந்து முழுத் தளங்களையே மூடின. நேர்மையான காணொளித் தளங்களும் சேர்ந்து முடங்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. இங்கே பழக்கம் இப்படி. அமெரிக்காவிலோ, மின்னசோட்டா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக, பல ஆண்டு வழக்குக்குப் பின் 2,22,000 டாலர் தர வேண்டும் என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இன்றைய பழக்கம் நாளையும் தொடரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், ஏதாவது வந்தால் முதலில் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஐபி முகவரி உங்கள் மகனைக் காட்டாது. இணைப்பைக் காட்டும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் காட்டும். எந்த நேரத்தில் எந்த முகவரி எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்ற பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடமாட்டீர்கள்; மகன் செய்வது தெரிந்திருப்பது மட்டுமே உடந்தை என்றும் ஆகிவிடாது. ஆனாலும் அம்மா, “எனக்கு ஒன்றுமே தெரியாது” என்று சொல்லும் வாய்ப்பை இந்தக் கடிதத்தின் மூலம் நீங்களே கைநழுவ விட்டுவிட்டீர்கள். மகனை அழைத்து அந்த ‘பியர்ஸ்’ தாவலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் பதிலைவிட அந்தப் பட்டியல் அவருக்கு நன்றாகப் புரியும்.

கேள்வி: நான் எதையும் இறக்குவதில்லை. ஒரு செயலியில் படத்தைத் தொட்டால் அப்படியே ஓடுகிறது. இதற்கும் டோரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதானே?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: சம்பந்தம் இருக்கலாம். 2014 முதல் இப்படிப்பட்ட செயலிகள் பரவின. முகப்பில் கட்டணத் தளம் போலப் படங்களின் சுவரொட்டிகள் இருக்கும், உள்ளே ஓடுவது டோரண்ட். துண்டுகளை வரிசைப்படி எடுத்து உடனுக்குடன் ஓட்டுவது மட்டுமே வித்தியாசம். நீங்கள் பார்க்கும்போதே உங்கள் இணைப்பு மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். படம் ஓடும் நேரத்தில், உங்கள் இணைப்பில் வெளியே போகும் தரவு எவ்வளவு என்று பாருங்கள். பார்ப்பவர் இணைப்பிலிருந்து அதிகம் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. போகிறது என்றால் விடை தெரிந்துவிட்டது.

கேள்வி: வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். ஒரே வைஃபை இணைப்பை நான்கு வீட்டார் பங்கு போட்டுக் கட்டணம் செலுத்துகிறோம். இதில் ஆபத்து உண்டா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கட்டணம் நான்காகப் பிரியும், பொறுப்பு பிரியாது. மேலே சொன்னபடி ஐபி முகவரி இணைப்பைத்தான் காட்டும் என்பதால், நான்கு வீட்டாரும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். இணைப்பை வீட்டுக்கு வெளியே பகிரலாமா என்று உங்கள் சேவை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ரூட்டரில் ‘விருந்தினர் வைஃபை’ இருந்தால் மற்ற வீட்டாரை அதில் விடுங்கள். உங்கள் கணினியில் உள்ள கோப்புகளாவது அவர்கள் கண்ணில் படாமல் இருக்கும்.

கேள்வி: மண்ணடியில் சுங்கத் தீர்வை முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களின் பான், ஆதார், ஜிஎஸ்டி நகல்களும் இறக்குமதி ஆவணங்களும் எங்கள் கணினிகளில் நிறைந்து கிடக்கின்றன. ஒரு பையன் அலுவலகக் கணினியில் பாட்டு இறக்க ஏதோ பகிர்வு நிரலைப் போட்டுவைத்திருக்கிறான். முதலாளியிடம் சொல்லவா வேண்டாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: சொல்லுங்கள், ஆனால் முதலில் அது எந்த வகை நிரல் என்று பாருங்கள். டோரண்ட் நிரல், நீங்கள் சேர்த்த கோப்பை மட்டுமே பகிரும். காசா, லைம்வயர் போன்ற பழைய தலைமுறை நிரல்கள் அப்படியல்ல. ஒரு கோப்புறையையே திறந்துவைத்து, அதில் உள்ள எதையும் உலகில் எவரும் தேடி எடுத்துக்கொள்ள விடுபவை. நிறுவும்போது ‘மை டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையைக் காட்டிவிட்டால் தீர்ந்தது: பாட்டோடு பான் கார்டும் பந்திக்கு வந்துவிடும். 2010 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், வாடிக்கையாளர், ஊழியர் விவரங்கள் இப்படிப் பகிர்வு வலைகளில் கிடைப்பதாக ஏறத்தாழ 100 அமைப்புகளுக்குக் கடிதம் அனுப்பியது. அவற்றில் பள்ளிகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். லைம்வயர் அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது என்றாலும், அந்த மாதிரியான நிரல்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு.

வாடிக்கையாளரின் ஆதார் நகல் உங்கள் அலுவலகத்தின் சொத்து அன்று, உங்களிடம் நம்பிக் கொடுத்துவைத்த பொருள். கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடம் தருகிறது. உச்சவரம்பு உங்களைப் போன்ற அலுவலகத்தை நினைத்து எழுதப்பட்டதன்று. ஆயினும் முதலாளியிடம் பேச்சைத் தொடங்க அந்த எண் உதவும். பையனைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். நிரலை அவர் முன்னிலையில் நீக்கிவிட்டு, எந்தக் கோப்புறை திறந்திருந்தது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகு முதலாளியிடம் போங்கள். கேள்வி வரும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

கிளை அலுவலகத்துக்குப் பெரிய கோப்புகளை அனுப்ப வேண்டியிருந்தால் சிங்க்திங் என்ற இலவச நிரலைப் பாருங்கள். அதுவும் நடுவில் கிடங்கு இல்லாமல் கணினிக்குக் கணினி பகிரும் முறைதான்; ஆனால் நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்த கணினியோடு மட்டுமே பேசும், அதுவும் மறையாக்கம் செய்துதான் அனுப்பும்.

கேள்வி: பெரம்பூரில் ஃப்ளெக்ஸ் போர்டு வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். வடிவமைப்பு மென்பொருளின் விலை எனக்குக் கட்டுபடியாகாது. டோரண்டில் கிடைக்கும் ‘கிராக்’ பதிப்பைத்தான் இந்தத் தொழிலில் பலரும் பயன்படுத்துகிறார்கள். விபிஎன் போட்டுக்கொண்டு இறக்கினால் பிரச்சினை இல்லை என்கிறார் வியாசர்பாடி நண்பர். சரியா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: நண்பர் சொன்னதை முதலில் பார்ப்போம். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை. அதைப் போட்டால் டோரண்ட் கூட்டத்துக்கு உங்கள் முகவரி தெரியாது, விபிஎன் நிறுவனத்தின் முகவரிதான் தெரியும், அதுவரை உண்மை. ஆனால் இணைப்பு ஒரு நொடி அறுந்தால், அதற்கான தடுப்பு ஏற்பாட்டை நீங்கள் இயக்கி வைக்காதபோது, டோரண்ட் நிரல் உங்கள் சொந்த முகவரியிலேயே வேலையைத் தொடரும். மேலும் உங்கள் இரகசியம் அழியவில்லை, கை மாறியிருக்கிறது: இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தது இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதை ஏற்காத சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிந்து எடுப்பதால் எடுத்தது சட்டப்படி உங்களுடையது ஆகிவிடாது.

உங்கள் ஆபத்து கூட்டத்தில் இல்லை, கடையில் இருக்கிறது. கிராக் பதிப்போடு வரும் சிறு குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முதல் வரியே, “ஆண்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்” என்று இருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்குள் ஆளை விடுங்கள் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை; நாமும் சொன்னபடி செய்கிறோம். டோரண்ட் உலகில் நேர்வழியில் வந்த நிரலே கெட்டுப்போனதுண்டு. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற பெயர் பெற்ற டோரண்ட் நிரலின் அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ புகுந்து, நிறுவும் கோப்பில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அப்படியிருக்க, யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த மென்பொருளைப் பற்றி என்ன சொல்வது? பொங்கலுக்கு முந்தின வாரத்தில், வார்டு முழுவதற்குமான ஃப்ளெக்ஸ் வடிவங்கள் உள்ள கணினி பூட்டிக்கொண்டால் நீங்கள் இழப்பது மென்பொருளின் விலையைவிடக் கூடுதல்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கென்றே 63-பி என்ற தனிப் பிரிவு உண்டு: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காகவோ லாபத்துக்காகவோ பயன்படுத்தாதவருக்குச் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடை வைத்திருக்கும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகிய மூன்று வடிவமைப்பு மென்பொருள்களும் இலவசம். பழைய வேகம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். எழுத்துருக்களையும் கவனியுங்கள், தமிழ் எழுத்துரு செய்தவருக்கும் அது பிழைப்பு.

கேள்வி: நான் கானா பாடகர். என் பாட்டை ஒருவர் பதிவு செய்து ஆல்பமாக வெளியிட்டார். வெளிவந்த மூன்றாம் நாளே டோரண்டில் கிடைக்கிறது என்று தம்பிகள் சந்தோஷமாக வந்து சொன்னார்கள். எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. நான் எதையும் பதிவு செய்துவைக்கவில்லை. எனக்கு உரிமை உண்டா? அதை எடுக்க வைக்க முடியுமா?
— வாசகர், புளியந்தோப்பு

பதில்: உரிமை உண்டு. பதிப்புரிமை பதிவினால் வருவதன்று, படைத்த கணத்திலேயே வருவது. வரிகளை எழுதியவருக்கு வரிகளிலும், மெட்டமைத்தவருக்கு மெட்டிலும், ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்குப் பதிவிலும் தனித்தனியே உரிமை. பாடிய குரலுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்ற பெயரில் 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. மெட்டு தலைமுறை தலைமுறையாகச் சாவு வீடுகளில் பாடி வந்ததாக இருந்தால் அதை உங்களுடையது என்று கேட்க முடியாது, வரிகளைக் கேட்கலாம். பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும் தகராறு வரும்போது சாட்சியாக நிற்கும். விண்ணப்பித்த பின் ஆட்சேபம் சொல்ல 30 நாள் விடுவார்கள்.

எடுக்க வைப்பதுதான் கடினம். அதற்குக் காரணம், முதல் கடிதத்தில் விளக்கிய அதே அமைப்பு. ஓர் இணையதளத்தில் உங்கள் பாட்டு ஏற்றப்பட்டிருந்தால், பதிப்புரிமை விதிகளின்படி முறையாக எழுத்தில் புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அத்தளம் அதை நிறுத்திவைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அது மறுபடி திறந்துவிடலாம். டோரண்ட் தளத்தில் பாட்டு இல்லை. அங்கே இருப்பது ‘மேக்னெட்’ எனப்படும் ஒரு வரி. பாட்டின் கைரேகை போன்ற எழுத்துக் கோவை. அந்த வரியை நீக்கினாலும் பாட்டு ஆயிரம் வீட்டுக் கணினிகளில் துண்டு துண்டாக இருந்துகொண்டேதான் இருக்கும். வேறொருவர் அதே வரியை வேறோர் இடத்தில் ஒட்டுவார். தண்டையார்பேட்டைத் தாயாரின் மகன் ‘யாருக்கும் கொடுக்கவில்லை’ என்று நம்பிக்கொண்டு கொடுத்த துண்டுகளில் உங்களுடையதும் இருக்கக்கூடும். புகார் கொடுங்கள், தேடுபொறிகளுக்கும் கொடுங்கள். முழுதாக மறையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்ததில், ஒரு ரூபாய் வராததற்கு டோரண்ட் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஆல்பம் வெளியிட்டவர் உங்களுக்கு என்ன கொடுத்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. பதிப்புரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்தோடும்தான் செல்லும். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ‘சரிண்ணே’ என்று சொன்னது செல்லாது. எழுத்தில் கொடுத்திருந்து, எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். 2012 திருத்தத்துக்குப் பின், படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெற வேண்டிய சம பங்கு ராயல்டியை அவர்களே விட்டுக்கொடுத்து எழுதினாலும் அந்த எழுத்து செல்லாது. வரிகள் உங்களுடையவை என்றால் நீங்கள் அந்தப் பாடலாசிரியர்.

பதிவு செய்த நாளில் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, போட்டிருந்தால் அதில் கால அளவு இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளின் நகலோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.